தூக்க மருந்தாய்வில் சேருமுன்: ஒப்புதல் கையெழுத்து முதல் கடைசி மாத்திரை வரை

'மருத்துவப் பரிசோதனை' என்ற சொல்லிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. ரத்தமும் சிறுநீரும் கொடுத்து சர்க்கரை அளவு பார்ப்பதற்கும் தமிழில் அதுதான் பெயர். இன்னும் கடைக்கு வராத மாத்திரையை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதையும் செய்தித்தாள்கள் அதே சொல்லால்தான் எழுதுகின்றன. 'தூக்கமின்மைக்கு இலவச மருத்துவப் பரிசோதனை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால், அது முகாமா ஆய்வா என்று படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. இங்கே இரண்டாவதை மட்டும் மருந்தாய்வு என்று குறிப்பிடுகிறோம். மருத்துவமனை வட்டாரத்தில் அதற்கு டிரையல் என்று பெயர்.

சிகிச்சையில் மருத்துவர், 'எதிரே உட்கார்ந்திருக்கும் இவருக்குத் தூக்கம் வர என்ன செய்யலாம்?' என்று யோசிக்கிறார். மருந்தாய்வில் கேள்வியே வேறு: 'இந்த மாத்திரை போட்ட முந்நூறு பேருக்கும் போடாத முந்நூறு பேருக்கும் வித்தியாசம் தெரிகிறதா?' அதற்கு விடை கிடைத்தால் ஆய்வு வெற்றி. அந்த முந்நூறில் ஒருவரான உங்களுக்குத் தூக்கம் வந்ததா என்பது அந்த வெற்றிக்குத் தேவையில்லை. பின்னால் வரும் குறிப்பேடு, போலி மாத்திரை, விலக்குப் பட்டியல் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

சென்னைக்கு இது புதிதல்ல. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த மையம் ஏறக்குறைய 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியும் மறு பாதி வீட்டில் இருந்தபடியும் ஒரே மருந்துகளை ஓராண்டு சாப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது என்ற முடிவு 1959இல் வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக அதுவும் ஒரு காரணம். யார் எந்தப் பக்கம் போவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டதால்தான் அந்த முடிவை யாராலும் தட்ட முடியவில்லை.

## ஆய்வு எதைத் தூக்கமின்மை என்கிறது

நான்கு நாள் தூக்கம் கெட்டால் அது தூக்கமின்மை நோய் ஆகாது. ஆய்வுகள் பொதுவாகக் கேட்பது இது: வாரத்துக்கு 3 இரவாவது, தொடர்ந்து 3 மாதமாவது, தூங்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமலோ நடுவில் கலைந்தோ அதிகாலையிலேயே விழிப்பு வந்தோ இருக்க வேண்டும், அதனால் பகல் வேலையும் கெட வேண்டும்.

'நேரமும் இடமும் இருந்தும்' என்பதில்தான் சென்னையில் பலர் வடிகட்டப்படுகிறார்கள். ஓ.எம்.ஆர். நிறுவனம் ஒன்றில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு விடியற்காலை வீடு திரும்பி, வெயிலிலும் மிக்ஸி சத்தத்திலும் தூங்க முயல்கிறவருக்கு இருப்பது ஷிப்ட் வேலைக் கோளாறு. அதற்கான ஆய்வுகள் தனி. குறட்டையோடு மூச்சு தடைபட்டு விழிக்கிறவருக்குத் தூக்க மூச்சுத்திணறல். அவருக்கு மயக்கம் தரும் மாத்திரை கொடுப்பது ஆபத்தாகவும் முடியலாம்.

கடுமையை அளக்க ஐ.எஸ்.ஐ. (இன்சோம்னியா சிவியாரிட்டி இண்டெக்ஸ்) என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 28. 7 வரை பிரச்சினை இல்லை. 8 முதல் 14 வரை லேசானது. 15 முதல் 21 வரை நடுத்தரம். 22 முதல் கடுமை. பெரிய மருந்தாய்வுகள் பலவற்றில் நுழைய 15 தேவை. இதைத் தெரிந்துகொண்டு கூட்டிச் சொல்லி உள்ளே போகிறவர்களும் உண்டு. அதன் விளைவைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம்.

## போலி மாத்திரை எதற்கு

பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மருந்து இல்லாத மாத்திரைக்குப் பெயர் பிளாசிபோ. 'நோயாளியை ஏமாற்றுகிறார்கள்' என்ற கோபம் பெரும்பாலும் இதன் மீதுதான் வருகிறது. தூக்க ஆய்வில் அது ஏன் தவிர்க்க முடியாதது என்பதற்கு ஒரு மெய்யான கணக்கு இருக்கிறது.

தாரிடோரெக்சன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2022 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற மூளைச் சமிக்ஞையைத் தடுக்கும் வகை அது. பழைய மாத்திரைகள் மூளையை அமுக்கித் தூங்கவைக்கும். இந்த வகை விழிப்பின் ஸ்விட்சை இறக்குகிறது. 930 பேர் பங்கேற்ற அதன் முக்கிய ஆய்வில், ஒரு மாதம் கழித்து, நிலையான தூக்கம் பிடிக்க ஆகும் நேரம் 50 மி.கி. சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 31 நிமிடம் குறைந்திருந்தது. இதை மட்டும் கேட்டால் அற்புத மருந்து. ஆனால் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 20 நிமிடம் குறைந்திருந்தது. ஆகவே மருந்தின் சொந்த உழைப்பு சுமார் 11 நிமிடம்தான். நடு இரவில் விழித்திருக்கும் நேரத்தில் படம் வேறு: மருந்தில் 29 நிமிடம், போலியில் 6 நிமிடம். மருந்து எங்கே அதிகம் உழைக்கிறது, எங்கே கொஞ்சமாக உழைக்கிறது என்பது போலி மாத்திரை இருந்ததால்தான் தெரிந்தது.

மருந்தே இல்லாமல் 20 நிமிடம் எப்படிக் குறையும்? நம்பிக்கை ஒரு காரணம். தினமும் ஒரே நேரத்துக்குப் படுக்கச் சொல்வது, காபி குடிப்பதைக் குறைக்கச் சொல்வது, வாராவாரம் ஒருவர் அக்கறையாக விசாரிப்பது எல்லாம் சேர்ந்து இன்னொரு காரணம். மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. தூக்கம் மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் ஆள் ஆய்வைத் தேடி வருகிறார். அடுத்த வாரம் எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் சரியாகும். ஐ.எஸ்.ஐ. மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லி நுழைந்தவரும் இதே கணக்கில்தான் விழுகிறார். உள்ளே வந்தபின் உண்மையைச் சொல்லத் தொடங்கியதும் அவர் 'குணமாகிவிட்டதாக' பதிவாகிறது. இப்படி மருந்துக் குழு, போலிக் குழு இரண்டிலும் முன்னேற்றம் சேர்ந்து உயர்ந்தால் நல்ல மருந்தின் வித்தியாசமும் அதில் மூழ்கிப்போகும்.

இதைச் சமாளிக்கப் பல ஆய்வுகள், குலுக்கலுக்கு முன்பே எல்லோருக்கும் சில நாட்கள் போலி மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்க்கின்றன. அதிலேயே நன்றாகத் தூங்குகிறவர் வெளியே அனுப்பப்படுவார். அது அவருக்கு நல்ல செய்திதான். யாரும் அப்படிச் சொல்லி அனுப்புவதில்லை என்பது வேறு விஷயம்.

## உண்மையான ஆய்வா என்று சரிபார்ப்பது

இந்தியாவில் புதிய மருந்தை மனிதரிடம் சோதிப்பதை 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. படிவத்தைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை:

1. சி.டி.ஆர்.ஐ. எண். இது இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டின் எண். 2007இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். 2018 ஏப்ரலிலிருந்து, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். எண்ணில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு வரிசை எண் வரும். பதிவேட்டின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடலாம்.

2. ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியல். எண் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பக்கத்தில் மருத்துவமனைகளின் பெயரும் ஒவ்வொன்றிலும் பொறுப்பான ஆய்வாளரின் பெயரும் இருக்கும். உங்களை அழைத்த இடம் அதில் இல்லை என்றால் அங்கே மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

3. நெறிமுறைக் குழு. எத்திக்ஸ் கமிட்டி என்று சொல்லப்படும் இதில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாள். சட்டம் தெரிந்தவர் ஒருவரும், மருத்துவத் துறைக்குத் தொடர்பில்லாத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவரும் கட்டாயம். ஆள் சேர்க்கும் விளம்பரத்தின் வாசகத்தைக்கூட இந்தக் குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். 'உறுதியான பலன்', 'பக்கவிளைவு இல்லை' என்ற வரிகள் இருந்தால் குழு அதைப் பார்க்கவே இல்லை என்று கொள்ளலாம்.

4. மத்திய அனுமதி. புதிய மருந்துக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரின் அனுமதி வேண்டும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென்மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது.

நான்காவது எல்லா ஆய்வுக்கும் பொருந்தாது. மாத்திரை இல்லாமல் நடத்தைப் பயிற்சியால் தூக்கத்தைச் சீராக்கும் ஆய்வுகளுக்கும், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் சித்த மருந்துகளை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கும் இந்த அனுமதி முறை வேறு. ஆனால் நெறிமுறைக் குழு இல்லாமல் எந்த ஆய்வும் நடக்கக் கூடாது. அமுக்கரா சூரணம்தானே, என்ன ஆகிவிடும் என்ற பேச்சு அங்கே செல்லாது.

பணம் கேட்டால் அது ஆய்வே அல்ல. சோதிக்கப்படும் மருந்துக்கும் அதற்காக எடுக்கும் டெஸ்ட்டுகளுக்கும் பங்கேற்பாளர் பணம் கட்ட வேண்டியதில்லை. போக்குவரத்துச் செலவும் இழந்த நாள் கூலிக்கு ஒரு தொகையும் தருவார்கள். அது எவ்வளவு என்பதையும் நெறிமுறைக் குழுதான் ஒப்புக்கொள்கிறது.

## ஒப்புதல் படிவம்

இரண்டு பகுதி: விவரத் தாள், கையெழுத்துப் படிவம். இரண்டும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்ப் படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டவை. படித்தவர்களே தடுமாறும் வாக்கியங்கள் நிறைய வரும். புரியாத வரியை ஆய்வாளரிடம் காட்டி, பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு அவர் கடமைப்பட்டவர்.

வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். 'இன்றைக்கே போட்டால்தான் இடம்' என்று அவசரப்படுத்தினால் சந்தேகப்படுவதே சரி. நம் வீடுகளில் அப்பாவுக்காக மகனும், மனைவிக்காகக் கணவரும் முடிவெடுப்பது சாதாரணம். இங்கே அது செல்லாது: சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்கு அவர் கையெழுத்துதான் ஒப்புதல். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான படிவத்தின் நகல் ஒன்று உங்களுக்குச் சேர வேண்டும். அதை வாங்காமல் வெளியே வரக் கூடாது.

படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் கேட்பதைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். அது விதியில் உள்ளதுதான். ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்காகவே அந்த வாரிசுப் பத்தி. காலியாக விடாதீர்கள்.

## வடிகட்டும் வாரங்கள்

கையெழுத்துப் போட்டதும் மாத்திரை கிடைக்காது. ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., மனநிலைக் கேள்விகள் என்று சில வாரம் ஓடும். இந்தக் கட்டத்தில் மூன்று விஷயங்கள் ஆளை வெளியே தள்ளும்.

ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை. அல்பிரசோலம், குளோனசிபம் இரண்டும் இங்கே 'அரை மாத்திரை' என்ற பெயரில் பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆய்வுக்கு முன் உடலிலிருந்து பழைய மருந்து வெளியேற வேண்டும். ஒரு மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரத்தை ஐந்தால் பெருக்கினால் ஏறக்குறைய முழுதும் போய்விடும், 3 சதவீதம்தான் மிஞ்சும். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அந்தப் பாதி நேரம் சுமார் இரண்டரை மணி. அரை நாளில் காலி. குளோனசிபத்துக்கு 30 முதல் 40 மணி. 6 முதல் 8 நாள் ஆகும். ஆனால் இது வெளியேறும் கணக்கு மட்டுமே. நாள்பட்டுச் சாப்பிட்டவர் குளோனசிபத்தையோ அல்பிரசோலத்தையோ சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், நடுக்கமும் பதற்றமும் வரும், வலிப்புகூட வரலாம். ஆய்வில் சேரும் ஆசையில் யாரும் தானாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மறைத்துவிட்டுச் சேரவும் முடியாது: இந்த வகை மாத்திரைகளைச் சிறுநீர்ச் சோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுக்காதவையும் உண்டு. சளி மாத்திரையிலும் இருமல் சிரப்பிலும் உள்ள குளோர்பெனிரமின், அரிப்புக்குப் போடும் செட்ரிசின் இரண்டும் தூக்கம் தருபவை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை யாரும் 'மருந்து' என்று எண்ணுவதில்லை. ஆய்வாளர் கேட்கும்போது சொல்வதும் இல்லை. வீட்டில் உள்ள மாத்திரை டப்பாவை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போவதுதான் எளிய வழி.

கல்லீரல் வழி மோதல். புதிய தூக்க மருந்துகள் பல, கல்லீரலின் ஒரே நொதியால்தான் சிதைகின்றன. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் டில்டியாசெம், தொற்றுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் போன்றவை அந்த நொதியைத் தடுப்பதால் தூக்க மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். காசநோய்க்கான ரிபாம்பிசின் நேர்மாறு: தூக்க மருந்தை வேலை செய்யவே விடாது. சாத்துக்குடி வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டைத் தடைப் பட்டியலில் பார்க்கலாம். அதன் நெருங்கிய உறவான பம்பளிமாஸையும் அந்த நாட்களில் தவிர்ப்பது நல்லது.

பழக்கங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்குவது, மது, அளவுக்கு மீறிய காபி. தாரிடோரெக்சன்ட் ஆய்வில் காஃபீன் வரம்பு நாளுக்கு 600 மி.கி. தினம் இரண்டு டம்ளர் பில்டர் காபி குடிப்பவர் அதை எட்டமாட்டார்; ஆறேழு முறை ஸ்ட்ராங்காகக் குடிப்பவர் நெருங்கக்கூடும்.

## ஆய்வகத்தில் இரவு

ஆய்வகத்தில் படுத்துத் தூங்கும் இரவு எல்லா ஆய்விலும் இருக்காது. இருந்தால் பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு இரவுகள், ஏனென்றால் புது இடத்தில் முதல் இரவுத் தூக்கம் யாருக்கும் இயல்பாக இருக்காது. தலையில் மூளை அலைக்கும், கண்ணோரத்தில் கண் அசைவுக்கும், தாடையிலும் காலிலும் தசைக்கும் மின்முனை ஒட்டுவார்கள். மூக்கருகே காற்றோட்டக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப்.

இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால்தான். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்முனை பிடிக்காது. அன்றைக்கு ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல் போக வேண்டும். அடர் நிற நகப்பூச்சு ஆக்சிஜன் அளவைப் பிசகவைக்கும். வியர்வை இன்னும் பெரிய தொல்லை: வியர்த்தால் பதிவுக் கோடு மெதுவாக மேலும் கீழும் அலையும், அது ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலையைப் போலவே தோன்றும். சென்னை மே மாதத்தில் ஏ.சி. சரியாக ஓடாத அறையில் எடுத்த பதிவை நம்ப முடியாது என்பது இதனால்தான். தலைமாட்டில் செல்போன் சார்ஜர் செருகியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் தடித்த பட்டையாக விழும்.

விளக்கணைத்ததிலிருந்து பொதுவாக 8 மணி நேரப் பதிவு. அதை 30 விநாடித் துண்டுகளாக, அதாவது 960 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் விழிப்பா, லேசான தூக்கமா, ஆழ்ந்ததா, கனவு நிலையா என்று குறிப்பார்கள். தொடர்ந்து 20 துண்டுகள், அதாவது 10 நிமிடம், விழிப்பே இல்லாமல் இருந்தால்தான் 'நிலையான தூக்கம் தொடங்கியது' என்று கணக்கு. சற்றுக் கண்ணயர்ந்து விழிப்பது கணக்கில் வராது.

## காலைக் குறிப்பேடு

ஆய்வக இரவுகள் சில. மற்ற நாட்களின் முழுப் பாரமும் தினம் காலையில் நீங்கள் நிரப்பும் தூக்கக் குறிப்பேட்டின் மீதுதான். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூங்க எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் மொத்தம் எவ்வளவு விழித்திருந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள்.

ஒரு கணக்கு: இரவு 10.30க்குப் படுத்துக் காலை 6.00க்கு எழுந்தால் படுக்கையில் 450 நிமிடம். தூங்க 50, நடுவில் 70, கடைசியில் விழித்தபடி படுத்திருந்தது 30. மிச்சம் 300 நிமிடம். 300ஐ 450ஆல் வகுத்தால் தூக்கத் திறன் 67 சதவீதம். நன்றாகத் தூங்குகிறவருக்கு 85க்கு மேல் இருக்கும்.

இதைச் சரியாகச் சொல்ல இரவெல்லாம் கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. பார்க்கவும் கூடாது, அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் தோன்றும் மதிப்பீடு போதும். ஆனால் அன்றன்றைக்கு எழுத வேண்டும். ஒரு வாரத்தை மொத்தமாக, மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டு நிரப்புவதுதான் மிகப் பெரிய கேடு. இது அரிதான வழக்கமும் அல்ல: நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், 90 சதவீதப் பதிவுகளை உரிய நேரத்தில் எழுதியதாகத் தாள் சொன்னது, குறிப்பேட்டுக்குள் மறைத்துவைத்த உணரி, உண்மையில் 11 சதவீதம்தான் என்று காட்டியது. இப்போது பல ஆய்வுகள் நேரம் பதியும் செல்போன் செயலியைக் கொடுப்பது இதனால்தான். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போனதாகவே இருக்கட்டும். காலியான நாளைக் கணக்கியல் நிபுணர் சமாளித்துவிடுவார். கற்பனையாக நிரப்பிய நாளை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

## மறுநாள் காலை

தூக்க மருந்தின் ஆபத்து பெரும்பாலும் இரவில் தெரியாது, காலை எட்டு மணிக்குத் தெரியும். சோல்பிடெம் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்த பிறகு, 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மி.கி.யிலிருந்து 5ஆகக் குறைத்தது. 10 மி.கி. சாப்பிட்டு 8 மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டும் திறனைப் பாதிக்கக்கூடிய அளவு மருந்து சுமார் 15 சதவீதப் பெண்களின் ரத்தத்தில் இருந்ததே காரணம். ஆண்களில் அது 3 சதவீதம். 2019இல் இன்னொரு எச்சரிக்கை சேர்ந்தது: தூக்கத்திலேயே நடப்பது, வண்டி எடுப்பது போன்ற செயல்கள். கடையில் விற்கும் மருந்தின் கதையே இப்படி என்றால், ஆய்வில் இருக்கும் மருந்தைப் பற்றி இன்னும் குறைவாகத்தான் தெரியும். முதல் சில வாரம் ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸோ மெட்ரோவோ பிடிப்பது புத்திசாலித்தனம். வயதானவர் இரவில் பாத்ரூம் போகும் வழியில் விளக்கு எரியட்டும். இந்த மாத்திரைகளில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் பெரிய பயம்.

ஆய்வு அட்டை ஒன்று தருவார்கள், 24 மணி நேரத் தொலைபேசி எண்ணோடு. பர்ஸில் இருக்கட்டும். வேறு மருத்துவமனைக்கு அவசரமாகப் போக நேர்ந்தால், நீங்கள் சாப்பிட்டது மருந்தா போலியா என்பதைத் திறந்து சொல்லும் ஏற்பாடு அந்த எண்ணின் மூலம்தான் நடக்கும்.

## ஏதாவது ஆகிவிட்டால்

மரணம், மருத்துவமனையில் சேர்க்கும் நிலை, நிரந்தர ஊனம் போன்றவற்றை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மத்திய அதிகாரிக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் சொல்ல வேண்டும். சிகிச்சை இலவசம்: தேவைப்படும் வரை, அல்லது பாதிப்புக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகும் வரை, எது முந்தியோ அதுவரை.

மரணத்துக்கான இழப்பீட்டுச் சூத்திரம் விதியிலேயே இருக்கிறது: 8 லட்சம் × வயதுக் காரணி × ஆபத்துக் காரணி ÷ 99.37. வயதுக் காரணி 65 வயதிலும் அதற்கு மேலும் 99.37, 40 வயதில் 184.17. ஆபத்துக் காரணி 0.5 முதல் 4 வரை. ஏற்கெனவே மரணத் தறுவாயில் இருந்தவருக்குக் குறைவு, ஆரோக்கியமானவருக்கு அதிகம். தூக்கமின்மை தவிர வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு 3 என்று வைத்தால், 65 வயதில் 24 லட்சம், 40 வயதில் சுமார் 44.5 லட்சம் ரூபாய். குணமாகிவிட்ட பாதிப்புக்குத் தொகை மிகச் சிறியது: மருத்துவமனையில் இருந்த நாட்கள் × தில்லியின் திறன்சாராத் தொழிலாளர் குறைந்தபட்ச நாள் கூலி × 2. சென்னைக்காரருக்கும் தில்லிக் கூலிதான்.

சூத்திரம் தெளிவு. சண்டை வருவது அதற்கு முன்பே, 'ஆய்வால்தான் நேர்ந்ததா?' என்ற கேள்வியில். 2020இல் சென்னையில் கொரோனா தடுப்பூசி ஆய்வில் பங்கேற்ற ஒருவர் நரம்பியல் பாதிப்பு வந்ததாகச் சொல்லி 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்று மறுத்த நிறுவனம், 100 கோடி கேட்டு வழக்குப் போடுவோம் என்றது. இப்படிப்பட்ட நிலையில் பங்கேற்பாளர் கையில் இருக்கும் ஆயுதம் காகிதம்தான்: ஒப்புதல் நகல், ஒவ்வொரு வருகையின் ரிப்போர்ட், அறிகுறி தொடங்கிய தேதியும் நேரமும். மருந்தின் பக்கவிளைவு மட்டும் கணக்கில் வருவதில்லை. ஆய்வு நெறியை மீறியதால், அலட்சியத்தால், ஆய்வுக்காகச் செய்த ஒரு டெஸ்ட்டால் வந்த காயமும் விதிப்படி ஆய்வுப் பாதிப்புதான்.

## விலகுவதும் முடிவதும்

எந்த நாளும், காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காக அந்த மருத்துவமனையில் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆனால் போகாமல் நின்றுவிடுவது வேறு, சொல்லிவிட்டு விலகுவது வேறு. சொன்னால் கடைசிப் பரிசோதனை செய்து, மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று வழிகாட்டுவார்கள். மிச்ச மாத்திரைகளையும் காலி அட்டைகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். எத்தனை சாப்பிட்டீர்கள் என்று எண்ணுவது அவற்றை வைத்துத்தான். வீட்டில் வேறொருவருக்கு அதிலிருந்து ஒன்று கொடுத்துப் பார்ப்பது மிகவும் ஆபத்து.

பல தூக்க ஆய்வுகளில் கடைசி வாரம் எல்லோருக்கும், சொல்லாமலே, போலி மாத்திரைதான். மருந்தை நிறுத்தியதும் தூக்கம் எகிறிக் கெடுகிறதா என்று பார்ப்பதற்காக. அந்த வாரம் தூக்கம் சரிந்தால் பதறிப்போய் பழைய அரை மாத்திரையைத் தேடாமல், குறிப்பேட்டில் எழுதிவிட்டு அட்டையில் உள்ள எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். நீங்கள் எந்தக் குழுவில் இருந்தீர்கள் என்பது கடைசி ஆள் முடித்து, கணக்கெல்லாம் பூட்டிய பிறகே தெரியவரும்; மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கடைசி வருகையன்றே கேட்டு, எந்த எண்ணுக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் கோப்பில் எழுதவைத்துவிட்டு வாருங்கள்.